ரிப்பன் வெட்டாத வாசல்

12.6.2006, திங்கள்

வெயில். நேற்று ராத்திரி சங்கராபுரத்தில் ஏறி, மூன்று பஸ் மாறி, மூன்று ஊர்ப் புழுதியோடு நேரே ஆபீஸ். நேரே என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். எங்கள் ஆபீசுக்கு நேரே யாரும் போக முடியாது. சுற்றிக்கொண்டு பின்பக்கம்.

செய்ய வேண்டியவை: முன் ஷட்டருக்கு கிரீஸ் (வாரம் தவறினால் உப்புக்காற்று தின்றுவிடும்). இறப்புப் பதிவேடு பைண்டிங். பேனா ரீஃபில். பாப்பாவுக்குப் பெரிய எழுத்தில் ஒரு கதைப் புத்தகம். முதுகுவலித் தைலம்.

எழுதி வைத்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது. பிப்ரவரியில் பேரூராட்சிக்குப் புதுக் கட்டடம் முடிந்தது. திறந்து வைக்க அமைச்சர் தேதி கொடுத்தார். அவர் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டோம். உடனே தேர்தல் அறிவிப்பு. விழா கூடாது என்று விதி. மே மாதம் ஆட்சியே மாறிவிட்டது. புது அமைச்சரின் தேதிக்கு மனு போட்டுக் காத்திருக்கிறோம். வேறு கூரை இல்லாததால் நாங்கள் உள்ளேதான் இருக்கிறோம். ஆனால் செயல் அலுவலரின் (இனி செ.அ.) நிலைப்பாடு வேறு. முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "உள்ள இருக்கலாங்க. ஆனா நுழையக் கூடாது."

ஆகவே முன்வாசலில் ரிப்பன். ஊழியர்களுக்குப் பின்கதவு. பொதுமக்களுக்குப் பதிவறையின் ஜன்னல். அந்த ஜன்னலை ஒட்டித்தான் என் மேசை. வேறு தகுதி எனக்கு இல்லை.

மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வரும்போதெல்லாம் முன் ஹாலில் டோக்கன் இயந்திரம் விழித்துக்கொண்டு, பாலிதீன் பிரிக்காத காலி நாற்காலிகளைப் பார்த்து, இனிமையான பெண் குரலில், "எண் ஒன்று, கவுன்ட்டர் மூன்றுக்கு வரவும்" என்கிறது. நான்கு மாதமாக அந்த எண் ஒன்று வரவில்லை. அவள் நம்பிக்கை இழக்கவும் இல்லை.

14.6.2006, புதன்

வந்துவிட்டது. இடமாற்ற ஆணை. சங்கராபுரம்.

மூன்று வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் எழுதிப் போட்டது. கலா அங்கே பள்ளிக்கூடத்து டீச்சர். பாப்பா அங்கே ஒன்றாம் வகுப்பு. நான் இங்கே கடற்கரையில், வாடகை அறையில், கயிற்றுக் கட்டிலில். மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், தவறினால் ஆணை ரத்து என்று கீழே ஒரு வரி. அரசாங்கம் அன்பாகப் பேசினாலும் கடைசி வரியில் குணம் தெரிந்துவிடும்.

செ.அ. இரண்டு கையாலும் ஆணையை வாங்கிப் படித்தார். நல்ல மனிதர். சுண்டெலி மேல் பரிதாபப்பட்டுப் பொறி வைக்காமல், தானே பயந்து நாற்காலி மேல் ஏறி நிற்கும் ரகம். திறப்பு விழா முடிந்த மறுநாளே விடுவிப்பதாகச் சொன்னார். விழாவுக்கு முன்னால் ஆளைக் குறைத்தால் பேரூராட்சித் தலைவர் என்ன நினைப்பாரோ. விழா எப்போது என்று கேட்டேன். அது மேலே கேட்க வேண்டும் என்றார். மேலே கேட்டாயிற்றா என்றேன். கேட்பதற்கு அனுமதி கேட்டிருக்கிறாராம்.

ஃபோனில் கலாவிடம் சொன்னேன். சந்தோஷப்படக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அரசு ஊழியரைக் கட்டிக்கொண்டவள். காகிதத்தைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள். "ரிலீவ் ஆயி பஸ்ல ஏறின பெறகு சொல்லுங்க" என்றாள்.

ஆனாலும் சாயங்காலம் பாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். பாப்பா கேட்டாளாம், அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை கூட அப்பா இருப்பாரா என்று.

16.6.2006, வெள்ளி

மேல்காற்று. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் துரு ஒட்டுகிறது. புதுக் கம்பி.

ஜன்னலுக்கு வெளியே உள்ள சந்தில் நாலு மாதத்தில் ஒரு ஊரே உண்டாகிவிட்டது. யாகூப் பாய் கூனிமேட்டிலிருந்து வந்து நீலத் தார்ப்பாய் கட்டி டீக்கடை போட்டுவிட்டார். மகன் சவுதியில். மருமகள் வைக்கும் குழம்புக்குப் பயந்து மத்தியானச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போவதில்லை. ஜன்னல் உயரமாக இருப்பதால் பெண்களுக்கு எட்டவில்லை. அதற்குப் பழைய கல்வெட்டு உதவியது. முந்தைய அமைச்சரின் பெயர் செதுக்கியது. ஆட்சி மாறியதும் கழற்றிப் பின்னால் போட்டார்கள். யாரோ அதைக் கவிழ்த்து ஜன்னலடியில் படியாக்கிவிட்டார்கள். பொதுப்பணியில் அவருடைய மிக உறுதியான பங்களிப்பு.

இன்று வந்தவை: பிறப்புச் சான்று, பெயர் சேர்க்க. சொத்து வரி. தெருவிளக்கு. மறுபடி தெருவிளக்கு. நாய். ஒரு கல்யாணப் பத்திரிகை (எனக்கு). அஞ்சலை.

அஞ்சலையைப் பற்றி இதுவரை எழுதவில்லை என்பது ஆச்சரியம். வாரம் இரண்டு தடவை வருகிறாள். உப்பளத்தில் வேலை, ஐம்பது இருக்கும், காலில் உப்பு வெடிப்பு. அவள் தெருவுக்கு ஒரு குழாய் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மனுவை நான்தான் எழுதிக் கொடுப்பது. இந்தச் சந்தில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மனு நான்தான் எழுதுகிறேன். எழுதி ஜன்னல் வழியாக வெளியே கொடுத்து, கைநாட்டு வைத்த பிறகு அதே ஜன்னல் வழியாக உள்ளே வாங்கி, பெறப்பட்டது என்று முத்திரை குத்துகிறேன். எனக்கு நானே எழுதிக்கொள்ளும் கடிதங்களில் இத்தனை மரியாதை இருப்பதில்லை.

இன்று கம்பி வழியாக எட்டி ஹாலைப் பார்த்தாள். மூடியிருக்கும் கதவின் இடுக்கில் கொஞ்சம் கிரானைட் தெரியும்.

"உள்ள இன்னா சார் கீது, அவ்ளோ பளபளன்னு?"

"நீங்க உக்கார்றதுக்கு நாற்காலி, அஞ்சலையம்மா."

"நாங்க உக்காரவா? அதான் பூட்டி வச்சிக்கிறாங்களா?"

யாகூப் பாய் டீயைக் கொட்டிவிட்டார்.

உள்ளே பெண்களுக்கு நல்ல கழிப்பறையும் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அதுவும் திறப்பு விழாவில் சேர்த்தி. எங்கள் கம்ப்யூட்டர் பெண் பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டுக்குப் போய் வருகிறாள்.

19.6.2006, திங்கள்

தேதி கிடைத்துவிட்டது. இருபத்தெட்டு, புதன். இருபத்தொன்பதில் விடுவிப்பு, முப்பதில் சேர்க்கை. நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. அதனால்தான் சந்தேகம்.

நேற்று வீட்டில் பேச்சு முழுக்க இதே. கலா பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்திருக்கிறாள். என் சட்டைகளுக்காம். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் எனக்கு ஒரு ஆணிதான் இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பகலெல்லாம் தலைவர் ஆபீசிலேயே. வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. எதிலும் மை இல்லை என்பதை நான் அறிவேன். அக்டோபரில் அவருக்குத் தேர்தல். வரவேற்புரை என் பொறுப்பு. கொஞ்சம் அடக்கமாக எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, இதில் அமைச்சரைச் சூரியன் என்று எங்கேயும் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டார். சூரியன் தலைவருடைய சொந்தக் கட்சிக்கு ஒத்துவருமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கடல் என்று போடச் சொன்னார். சுனாமி அலை வந்து போன கடற்கரையில் ஒருவரைக் கடல் என்று புகழ்வது நன்றாயிருக்குமா என்றேன். அவருக்கும் அது உறைத்தது. கடைசியில் கலங்கரை விளக்கம் என்று முடிவாயிற்று. யாரையும் நனைக்காது, எரிந்தாலும் இரவில்தான்.

22.6.2006, வியாழன்

புழுக்கம். கரண்ட் இல்லை. சவுக்குத் தோப்புப் பக்கமிருந்து கூட ஒரு காற்றில்லை.

இடமாற்றம் வெளியே தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு உள்ளே நான் இருப்பது தெரிந்தும், சந்தில் பேச்சு அடங்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் காது கிடையாது என்று ஒரு நம்பிக்கை.

பேச்சின் சாரம் இது: அனுமந்தையில் ஒரு நல்ல வாத்தியார் இருந்தார், தூக்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் மணல் லாரியைப் பிடித்தார், தூக்கிவிட்டார்கள். நர்சம்மா ஒருத்தி காசு வாங்காமல் ஊசி போட்டாள், அவளையும் தூக்கிவிட்டார்கள். இப்போது இவர். ஒருவரை மாற்றுகிறார்கள் என்றால் ஒன்று அவர் திருடியிருக்க வேண்டும், அல்லது திருட விடாமல் தடுத்திருக்க வேண்டும். திருடியவரை மாற்றி யாரும் பார்த்ததில்லை.

திருத்துவது கடமை என்று தோன்றியது. முகத்தைக் கம்பியில் வைத்து, நானே கேட்டு வாங்கிய மாற்றம் இது, குடும்பம் அங்கே இருக்கிறது, யாரும் தூக்கவில்லை என்று சொன்னேன். நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

 பிறகு அஞ்சலை மற்றவர்களிடம் திரும்பினாள்.

"பாத்தீங்களா? யாரையும் காட்டிக் குடுக்கமாட்டன்றாரு."

அதற்கு மேல் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் பெருந்தன்மைக்குச் சாட்சியாயிற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சாத்தினதும், பாவம் மனசு உடைந்துவிட்டார் என்று யாகூப் பாய் சொல்வது கேட்டது. ஒரு டீ வந்தது, கம்பி வழியாக. இஞ்சி தூக்கலாக.

26.6.2006, திங்கள்

ஊருக்குப் போகவில்லை. விழா ஏற்பாடு. கலாவிடம் வியாழக்கிழமை மொத்தமாக வருகிறேன் என்று சொன்னேன். மொத்தமாக என்றால் எத்தனை பை என்று கேட்டாள்.

புதுக் கல்வெட்டு வந்தது. அமைச்சர், தலைவர், செ.அ., பொறியாளர், ஒப்பந்தக்காரர், எல்லார் பெயரும். கட்டடத்தின் பயன் என்ன என்று எங்கேயும் இல்லை, இடம் போதவில்லை.

முன் நீரூற்றை ஓட்டிப் பார்த்தார்கள். நன்றாக ஓடியது. அந்த நேரம் இரண்டு தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை.

அறையைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு வாளி. புத்தகங்கள் ஐந்து அட்டைப்பெட்டி. கட்டிப் பார்த்தால், இந்த ஊரில் நான் வாழ்ந்ததைவிடப் படித்ததுதான் அதிகம்.

28.6.2006, புதன்

நடந்ததை நடந்தபடி.

அமைச்சர் வர மத்தியானம் ஆயிற்று. மேளம். ரிப்பன். கிரீஸ் வீண்போகவில்லை, ஷட்டர் ஏறியது. உள்ளே வந்தார்கள். கரண்ட் இருந்தது. இயந்திரம், "எண் ஒன்று, கவுன்ட்டர் மூன்றுக்கு வரவும்" என்றது. அமைச்சர் கவுன்ட்டர் மூன்றுக்குப் போய் நின்றார். படம் எடுத்தார்கள். பிறகு சுற்றிப் பார்த்தார். வரிசை வரிசையாக நாற்காலி. ஒரு ஆள் இல்லை. கட்சிக்காரர்கள், போலீஸ், நாங்கள்.

"பப்ளிக் எங்கய்யா?"

செ.அ.வின் முகம் சுண்ணாம்பு. முன்வாசல் பக்கம் தலை காட்டக்கூடாது என்று நான்கு மாதம் விரட்டியிருக்கிறோம். இன்று வரலாம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பொதுமக்கள் வழக்கம்போல் பின்னால், வெயிலில், என் ஜன்னலில். நானும் அங்கேதான் இருந்திருக்க வேண்டியவன். வரவேற்புரைக் காகிதம் கையில் இருந்ததால் ஹாலில் நின்றேன்.

அமைச்சர் புத்திசாலி. சத்தம் வந்த திசையில் நடந்தார், நாங்கள் பின்னால். பதிவறைக்குள் நுழைந்து, என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜன்னலில் முகங்கள். அவருக்கு ஒரு நொடியில் புரிந்தது, இதுதான் படம் என்று. கேமராக்களும் உள்ளே வந்துவிட்டன. என்னம்மா வேணும் என்று முதலில் நின்றவளைக் கேட்டார்.

கல் மேல் ஏறி நின்றது அஞ்சலை. நான்கு மாதமாக அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மேசை இழுப்பறையிலேயே அந்த மனு இருந்தது. வாயைத் திறந்து குழாய் என்று சொன்னால் போதும். கேமரா முன்னால் எந்த அமைச்சரும் மறுக்கமாட்டார்.

அவள் என்னைக் காட்டிச் சொன்னது: "இந்த சார மாத்தாதீங்க சாமி. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பின்னால் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாகூப் பாய் கையைத் தூக்கி துஆ கேட்கிற மாதிரி நின்றார். அமைச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். தோளில் கை வைத்தார். நான் பேச வாயெடுத்தேன். ஐயா, அது வந்து, என்கிற வரை வந்தேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிட்டார். பக்கத்தில் நின்ற அதிகாரியிடம், இவர் இங்கேயே இருக்கட்டும், இந்த ஜன்னல் சேவையும் இப்படியே தொடரட்டும் என்றார். சந்தில் கைத்தட்டல்.

அப்புறம் சாப்பாடு. எனக்கு அமைச்சர் பந்தியில் இடம். வடை நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

29.6.2006, வியாழன்

பேப்பரில் படம். அமைச்சர், ஜன்னல், அஞ்சலை. ஓரத்தில் ஒரு முழங்கை, அது நான்.

செ.அ. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அமைச்சரே வாயால் சொன்ன பிறகு விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட அவருக்குக் கை வராது. நான் எழுதித் தருகிறேன் என்றேன், குடும்பச் சூழ்நிலை, சொந்த விருப்பம். "விருப்பம் உங்களுதுதாங்க. ஆனா வார்த்தை அவருதாச்சே" என்றார். உண்மையில் வருத்தப்பட்டார். எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்.

கலா: "பேப்பர்ல பாத்தேன். எல்லாரும் காட்னாங்க ஸ்டாஃப் ரூம்ல. ஒங்க வீட்டுக்காரரு கைதானேன்னு."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

30.6.2006, வெள்ளி

ஆணை இன்றோடு சரி. கோப்பில் சேர்த்தேன்.

முன் ஹாலைப் பூட்டிவிட்டார்கள். டைல்ஸ் அழுக்காகிறதாம். கூட்டம் நடக்கும்போது மட்டும் திறக்கும்.

வீட்டுக்காரர் அறையை இன்னும் யாருக்கும் விடவில்லை. பெட்டிகளைப் பிரிக்கவில்லை.

3.7.2006, திங்கள்

வீட்டுக்குப் போய் வந்தேன். பீரோவில் அந்தத் தட்டு அப்படியே காலியாக இருந்தது. கலா அதில் எதையும் வைக்கவில்லை. எடுத்து வைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

பாப்பா தூங்கிய பிறகுதான் கிளம்புவது வழக்கம். நேற்று தூங்கமாட்டேன் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலை ஒவ்வொன்றாக எடுத்தது கலா. நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிகாரம் போன மாதமே நின்றுவிட்டது.

5.7.2006, புதன்

காலையில் வானம் மூடி, தூறாமலே போயிற்று. உப்பளத்துக்காரர்களுக்கு நிம்மதி.

அஞ்சலை ஒரு தூக்கு நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்தாள். முகமெல்லாம் வெற்றி. எப்டி சார் நாங்க காப்பாத்தினது, என்றாள். நன்றி என்றேன். ஆள் எளச்சிட்டீங்க சார், அவனுங்க பண்ண கொடுமையில, என்றாள்.

அந்த நேரம் ஃபோன். கலா. பாப்பாவுக்கு ஜுரம், நேற்றிலிருந்து, பள்ளிக்கு லீவு போட்டு மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பேசிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்து அஞ்சலை, யாரு சார், என்றாள். வீட்டில் என்றேன். உடம்பு சரியில்லையா என்றாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, ஃபோனைக் கம்பி வழியாக நீட்டிவிட்டேன். நீங்களே கேளுங்கள் என்று.

கலா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலை காதில் வைத்து நின்றாள். ம் என்றாள். ம். எந்த ஊரு, என்றாள். புள்ள எவ்ளோ பெருசு, என்றாள். அப்புறம் வெகுநேரம் ம் கூட இல்லை. கல்லிலிருந்து இறங்கிவிட்டாள், அதனால் தலை மட்டும் தெரிந்தது. ஃபோனைத் திருப்பிக் கொடுக்கும்போது முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

"அப்ப அன்னிக்கி சொன்னது நெசமா சார்?"

நிஜம் என்றேன்.

"நாங்க நம்பலியே சார்."

தூக்கை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

6.7.2006, வியாழன்

காலை கதவு திறப்பதற்குள் சந்து நிரம்பியிருந்தது. அஞ்சலை எல்லாரையும் கூட்டி வைத்திருந்தாள். தீர்மானம் தயார். மாற்றல் வேண்டும் என்றால் என்ன வழி? ஊரறிந்த வழி ஒன்றுதான்: புகார். அதிகாரியைப் பற்றிப் புகார் போனால் தூக்கிவிடுவார்கள். ஆகவே என் மேல் ஒரு புகார் கொடுப்பது. எழுதித் தர வேண்டியது நான்.

அரசுப் பணியில் எனக்கு இவ்வளவு நாள் இப்படி ஒரு நல்ல யோசனை தோன்றியதில்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. மனுத்தாள் எடுத்தேன்.

என்ன குற்றம் என்பதில்தான் தகராறு. லஞ்சம் என்றார் ஒருவர். வேலையே போய்விடும் என்று அஞ்சலை அடக்கினாள். குடிக்கிறார் என்று எழுது என்றான் பின்னாலிருந்து ஒருவன். "குடிச்சா மாத்துவாங்கன்னா இந்தப் பக்கத்துல எந்த ஆபீஸ்ல ஆள் இருப்பான்?" என்றார் யாகூப் பாய். அவரே, டீக்கு பாக்கி வைக்கிறார் என்று எழுதலாம் என்றார். உண்மைதான், ஆனால் சிறியது. ஆபீசுக்கு வருவதே இல்லை என்றால்? போன வாரம்தான் படம் பேப்பரில் வந்திருக்கிறதே. இவ்வளவு அக்கறையாக என் குறைகளை யாரும் தேடியதில்லை. யாருக்கும் கிடைக்கவில்லை என்பதில் அவர்களுக்கே என் மேல் கொஞ்சம் எரிச்சல்.

கடைசியில் நானே சொன்னேன்: பொதுமக்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், தரக்குறைவாகப் பேசுகிறார். வேலை போகாது, ஆள் போவான். எல்லாருக்கும் பிடித்தது. எழுதினேன். நல்ல மனு. என் கையெழுத்தில் வந்ததிலேயே நல்ல மனு என்று சொல்வேன். வாசித்துக் காட்டினேன். மைப் பெட்டியைக் கம்பி வழியாக நகர்த்தினேன்.

அஞ்சலை விரலை நீட்டவில்லை.

"இது நடக்கலியே சார்."

நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"நடக்காதத நடந்துச்சின்னு கைநாட்டு வைக்கமாட்டேன் சார். அலை வந்தப்ப ஊடு போயிட்ச்சின்னு வைக்கச் சொன்னாங்க. பணம் வரும்னாங்க. என் ஊடு போவல. வைக்கல." கொஞ்சம் யோசித்தாள். "ஒரு தடவ திட்டிடுங்க சார். அப்பறம் வைக்கிறேன்."

சந்தில் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். இடம் விட்டு ஒதுங்கினார்கள், நன்றாகத் திட்ட.

நாடகம்தானே. எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன். ஏம்மா, அறிவிருக்கா, என்றேன். சிரித்துவிட்டார்கள். அஞ்சலையும். "இன்னா சார், வாத்தியாரு மாதிரி கீது" என்றாள். இன்னொரு தடவை. இன்னும் சத்தமாக. மறுபடி சிரிப்பு. யாகூப் பாய் எனக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தார். அவள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள், குழந்தைக்கு மருந்து ஊட்டுகிறவள் மாதிரி, வாயைத் தானும் கொஞ்சம் திறந்துகொண்டு. அந்த முகம்தான் அன்றைக்கு அமைச்சரையும் அண்ணாந்து பார்த்த முகம். எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம் என்ற முகம்.

"யாருடி ஒன்னக் கேட்டது?" என்றேன். "ஒன் வேல இன்னாவோ அதப் பாத்துனு போவ வேண்டியதுதானே. உப்பு வார்ற நாயிக்கு ஆபீஸ் விஷயம் எதுக்குடி?"

இதோடு நிற்கவில்லை. எழுதமாட்டேன். நடுவில் எங்கோ சிரிப்பு நின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. என் கை கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் அந்தச் சில நிமிஷத்தில் வந்தது. கம்ப்யூட்டர் பெண் ஓடி வந்து அறை வாசலில் நின்றுவிட்டாள்.

நிறுத்தியபோது சந்தில் யாகூப் பாயின் ஸ்டவ் மட்டும் கேட்டது.

அஞ்சலை கட்டை விரலை மையில் அழுத்தினாள். காகிதத்தில் வைத்தாள். தெளிவாக விழுந்ததா என்று பார்த்தாள். விரலைச் சுவரில் துடைத்தாள், புதுப் பெயின்ட்டில்.

"இப்ப நெசம்தான் சார்" என்றாள்.

பெறப்பட்டது. முத்திரை, தேதி, சுருக்கொப்பம்.

7.7.2006, வெள்ளி

பாப்பாவுக்கு ஜுரம் விட்டுவிட்டது. மேகம் கலைந்து மறுபடி வெயில்.

செ.அ. மனுவை இரண்டு தடவை படித்தார். கம்ப்யூட்டர் பெண்ணையும் கேட்டாராம். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். உடனே மேலே பேசிவிட்டார். இப்படி ஒரு மனு வந்தபின் அமைச்சர் பெயருக்கும் நல்லதில்லை, ஆளை எடுப்பதுதான் முறை என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள். திங்களன்று விசாரணைக்கு ஒருவர் வருகிறார். அஞ்சலையிடம் நேரில் கேட்டு எழுதிக்கொள்வார். அது ஒன்றுதான் பாக்கி. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆணை.

"கடலுக்கு ரொம்பத் தூரமா ஒரு ஊர் சொல்லுன்னாங்க மேல. தண்டனையா தெரியணுமாம். நான் சங்கராபுரம்னு சொல்லிட்டேங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஃபைலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாவுக்கு ஃபோன். எல்லாவற்றையும் சொன்னேன். என்ன திட்டினீர்கள் என்று கேட்டாள். சொன்னேன், நேற்று இங்கே எழுதாததையும். 

"அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

கேட்டால் அவள் மன்னித்துவிடுவாள் என்றேன். மன்னித்துவிட்டால் திங்கட்கிழமை வந்து கேட்பவரிடம், ஒன்றும் இல்லை என்பாள்.

"அப்ப விசாரணை முடிஞ்ச பெறகு கேப்பீங்களா?"

அதற்கப்புறம் நான் அங்கே வந்துவிடுவேன்.

இன்று அஞ்சலை வந்தாள், குழாய் விஷயமாக. கல் மேல் ஏறவில்லை. காகிதத்தை முன்னால் நின்ற பெண்ணிடம் கொடுத்து நீட்டச் சொன்னாள். வாங்கினேன். வேறு யாரோ எழுதிக் கொடுத்த மனு. மூன்று இடத்தில் பிழை. திருத்தாமல் முத்திரை குத்தினேன்.